சுரங்கத்தில் வேலையை நிறுத்தச் சொல்வது யார்?

சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் என்றதும் பலருக்கும் ஹெல்மெட்டும் தலைவிளக்கும் கனமான பூட்ஸும்தான் ஞாபகத்துக்கு வரும். தப்பில்லை, அவையும் சட்டத்தில் இருக்கின்றன, ஆனால் கடைசி வரிசையில். முன்வரிசையில் இருப்பது வேறு சமாச்சாரம்: எந்த நிலை வந்தால் வேலை நிற்க வேண்டும், யார் நிறுத்த வேண்டும், நிறுத்தாமல் விட்டால் யார் பதில் சொல்ல வேண்டும். எந்த நாட்டுச் சுரங்கச் சட்டத்தை எடுத்து உதறினாலும் கடைசியில் இந்த மூன்று கேள்விகள்தான் கீழே விழும்.

இதற்கு ஒரு சட்டம் எதற்கு, ஆபத்து என்று தெரிந்தால் அங்கே நிற்கிறவரே நிறுத்திவிட மாட்டாரா என்று கேட்கலாம். மாட்டார், பெரும்பாலும். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. ஒரு ஷிஃப்டில் இத்தனை டன் எடுக்க வேண்டும் என்று மேலே இருந்து கணக்கு வருகிறது, போன வாரமும் இதே மாதிரி கூரை லேசாகச் சத்தம் போட்டது ஒன்றும் ஆகவில்லை, நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும், நிறுத்தாவிட்டால் இன்றைக்கு எவரும் எதுவும் கேட்கப் போவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் நிற்கும் ஒருவரிடம் 'உங்கள் புத்திக்கு எட்டியபடி முடிவெடுங்கள்' என்று விட்டுவிட முடியாது. அந்த முடிவை அவர் கையிலிருந்து முன்கூட்டியே வாங்கி எழுதி வைப்பதுதான் சுரங்கச் சட்டத்தின் வேலையில் பெரும்பகுதி.

ஒரு பழைய கதையிலிருந்து தொடங்கலாம். 1862 ஜனவரி, இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்லி என்ற நிலக்கரிச் சுரங்கம். ஆள் இறங்க, ஆள் ஏற, கரி வெளியே வர, காற்று உள்ளே போக, ஊறும் தண்ணீரை இறைக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு செங்குத்துக் குழி. குழியின் வாய்க்கு மேலே தண்ணீர் இறைக்கும் எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம், 40 டன்னுக்கு மேல் எடை. அது நடுவில் முறிந்து, ஒரு பாதி நேராகக் குழிக்குள் விழுந்தது. போகிற போக்கில் குழியின் சுவரில் பதித்திருந்த மரச்சட்டங்களைப் பிய்த்துக்கொண்டு போய் வழியை முழுசாக அடைத்துவிட்டது. குழியில் கூண்டில் ஏறி வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் அதில் அடிபட்டு இறந்தார்கள். கீழே சுரங்கத்துக்குள் இருந்தவர்களுக்கு அடி எதுவும் படவில்லை. ஆனால் வேறு வழி இல்லை, காற்றும் இல்லை. மேலே இருந்தவர்கள் நாள்கணக்கில் இடிபாட்டை அள்ளிக் கீழே போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்த எல்லாரும் நச்சுவாயுவில் இறந்து கிடந்தார்கள். செத்தவர்கள் மொத்தம் 204 பேர், சிறுவர்கள் உட்பட. அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: நிலக்கரிச் சுரங்கத்துக்கு வெளியேறும் வழி இரண்டு இருந்தாக வேண்டும்.

இரண்டாவது குழி தோண்டினால் உயிர் பிழைக்கும் என்று ஹார்ட்லிக்கு முன்னால் யாருக்கும் தெரியாதா என்ன? தெரியும். செலவு. அதனால் தோண்டவில்லை. சட்டம் வந்து சொன்னது புது அறிவு ஒன்றும் இல்லை, 'இதைச் செய்யாமல் சுரங்கம் நடத்த முடியாது' என்பதை மட்டும்தான்.

சரி, அடுத்தது வாயு. நிலக்கரியை உடைக்க உடைக்க அதற்குள் அடைபட்டிருந்த மீத்தேன் வெளியே வரும். நிறமில்லை, வாசனையில்லை, காற்றைவிட லேசு என்பதால் கூரையை ஒட்டிப் போய்ச் சேரும். காற்றில் அது சுமார் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். 15-க்கு மேலே போனால் எரியத் தேவையான ஆக்சிஜன் போதாமல் வெடிக்காது, ஆனால் அதில் நிம்மதி அடைய எதுவும் இல்லை, ஏனென்றால் காற்றோட்டத்தைச் சரிசெய்து அந்த வாயுவை வெளியேற்றும்போது அது மறுபடி அந்த 15-க்கும் 5-க்கும் நடுவிலேதான் இறங்கி வர வேண்டும்.

இப்போது அமெரிக்க விதியைப் பாருங்கள். கரி வெட்டும் இடத்தில் மீத்தேன் 1 சதவீதம் ஆனாலே அங்குள்ள மின்சார எந்திரங்களை நிறுத்திக் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். 1.5 சதவீதம் ஆனால் சரிசெய்யத் தேவைப்படுகிறவர்களைத் தவிர மற்ற எல்லாரும் அந்தப் பகுதியைவிட்டு வெளியே வர வேண்டும். வெடிப்பதோ 5-ல், சட்டம் நிறுத்துவதோ 1-ல். முதல்முறை இதைப் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பயமாகத் தெரியும். ஆனால் மீட்டர் ஓர் இடத்தில் காட்டும் எண், நாலு அடி தள்ளிக் கூரையின் பொந்தில் இருக்கும் எண் இல்லை. கரியில் ஒரு விரிசல் திறந்தால் நிமிஷங்களில் அளவு எகிறிவிடும். அந்த இடைவெளி முழுவதும் நமக்குத் தெரியாதவற்றுக்காக ஒதுக்கி வைத்தது.

அதோடு, அந்த எண்ணால் இன்னொரு நன்மையும் உண்டு. 'கேஸ் ஜாஸ்தியா இருக்கிற மாதிரி தெரியுது' என்று ஒரு தொழிலாளி சொன்னால் அது விவாதம். மீட்டர் 1.5 காட்டினால் விவாதமே இல்லை. மேஸ்திரியே நினைத்தாலும் வளைக்க முடியாது, வளைத்தால் அது குற்றம்.

எண் மட்டும் இருந்தால் போதுமா என்றால், அங்கேதான் நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வர வேண்டியிருக்கிறது. 2010 நவம்பரில் வெடித்தது, 29 பேர் இறந்தார்கள். பின்னால் விசாரித்த அரச ஆணையம் கண்டுபிடித்தது இது: வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 முறை பதிவாகியிருந்தது. 21 முறை! அளந்தார்கள், எழுதினார்கள், தாள் மேலே போனது, வேலை நடந்துகொண்டே இருந்தது. அந்தச் சுரங்கத்தில் இரண்டாவது வெளியேறும் வழி என்று சொல்லிக்கொண்டது எது தெரியுமா? காற்று வெளியேறும் குழிக்குள் பொருத்தியிருந்த, நூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய ஏணி. நெருப்பும் புகையும் வந்தால் முதலில் அந்த வழியாகத்தான் வெளியே போகும். ஹார்ட்லி நடந்து ஏறத்தாழ 150 வருஷம் ஆகியிருந்தது.

ஆக, எண்ணுக்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள் இருக்க வேண்டும். சுரங்கச் சட்டம் மற்ற தொழிற்சாலைச் சட்டங்களிலிருந்து வித்தியாசப்படும் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சாதாரணத் தொழிற்சாலையில் முதலாளி யாரை வேண்டுமானாலும் மேனேஜராகப் போடலாம். சுரங்கத்தில் பல நாடுகளில் அது நடக்காது. இந்தியாவையே எடுத்துக்கொண்டால், மேனேஜர், அவருக்குக் கீழே ஓவர்மேன், அவருக்குக் கீழே சர்தார் என்று ஒவ்வொரு படிக்கும் பரீட்சை எழுதி வாங்கிய சான்றிதழ் வேண்டும், ஒவ்வொருவரின் கடமையும் விதியில் தனித்தனியாக எழுதியிருக்கிறது, அந்தக் கடமையை அவர் மீறினால் கம்பெனியோடு சேர்ந்து அவரும் மாட்டுவார். மேலதிகாரி சொன்னார் அதனால் செய்தேன் என்று தப்பிக்க முடியாது. இது கொஞ்சம் கொடூரமாகத் தெரியலாம், சில சமயம் கீழே இருக்கிறவர் தலையில் பழி விழ வழி வைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதே விதி அவருக்கு ஓர் ஆயுதமும் கூட: 'என் சான்றிதழ் போயிடும் சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்' என்று சொல்ல முடிகிறது.

அந்தக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய 3 மணி நேரத்துக்குள் சான்றிதழ் பெற்ற ஒருவர் உள்ளே போய், ஆட்கள் வேலை செய்யப்போகும் இடங்களையெல்லாம் நடந்து பார்க்க வேண்டும். கூரை, பக்கச் சுவர், மீத்தேன், ஆக்சிஜன், காற்று சரியான திசையில் ஓடுகிறதா என்பது வரை. பார்த்த இடத்தில் தன் பெயரின் முதலெழுத்து, தேதி, நேரம் மூன்றையும் எழுதிவிட்டு வர வேண்டும். பின்னால் வருகிற தொழிலாளி தலைவிளக்கைத் திருப்பினால் அந்த எழுத்து தெரியும். இன்றைய தேதி இல்லையென்றால் இன்றைக்கு இங்கே யாரும் வரவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். மேலே வந்து புத்தகத்தில் எழுத வேண்டும், அதில் மேலதிகாரி எதிர்க்கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, எனக்குத் தெரியாது என்று நாளைக்கு அவர் சொல்ல முடியாது.

இதே போன்ற எளிய ஏற்பாடு இன்னொன்று, பித்தளைத் தகடு. ஆளுக்கொரு எண். உள்ளே போகும்போது ஒன்று இடுப்பில், ஒன்று மேலே பலகையில். வெளியே வந்ததும் பலகையில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். இப்போது பல இடங்களில் மின்னணு அட்டை வந்துவிட்டது, தத்துவம் அதேதான்: விபத்து நடந்தால் உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று பலகையைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். வெளியே வந்த பிறகு தகட்டை எடுக்க மறந்தவருக்குச் சுரங்கங்களில் ஏன் அவ்வளவு திட்டு விழுகிறது என்பது இப்போது புரியும். அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, அவரைத் தேடி நாலு பேர் புகைக்குள் போவார்கள்.

புத்தகம் என்றேன் அல்லவா, புத்தகத்தை ஏமாற்றவும் முடியும். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு விர்ஜினியாவில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் இறந்தார்கள். தொடக்கம் மீத்தேன், ஆனால் அதைப் பெரிதாக்கி நெடுந்தூரம் கொண்டுபோனது தரையிலும் சுவரிலும் படிந்திருந்த நிலக்கரித் தூள். அந்தத் தூளின் மேல் சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவி வைத்தால் நெருப்பு பரவாது, விதியும் அதைத்தான் சொல்கிறது. மலிவான பொடி, அலுப்பான வேலை, அதனால் போதுமான அளவு செய்யவில்லை. விசாரணையில் தெரிந்தது, அங்கே இரண்டு கணக்கு இருந்தது: ஆபத்துகளை உள்ளபடி எழுதிய உள்புத்தகம் ஒன்று, இன்ஸ்பெக்டர் பார்க்கும் சட்டப்படியான புத்தகம் இன்னொன்று. கூடவே, இன்ஸ்பெக்டரின் வண்டி வாசலுக்கு வந்ததும் காவலாளி ரேடியோவில் உள்ளே தகவல் சொல்லிவிடுவார்.

இந்த இடத்தில்தான் இன்ஸ்பெக்டர் பற்றிய விதிகளின் அருமை தெரிகிறது. அமெரிக்கச் சட்டப்படி நிலத்தடிச் சுரங்கம் ஒவ்வொன்றையும் வருஷத்துக்கு 4 முறையாவது, மேற்பரப்புச் சுரங்கத்தை 2 முறையாவது முழுதாகச் சோதிக்க வேண்டும். வருவதை முன்கூட்டியே சொல்லக் கூடாது, சொன்னால் அதுவே தனிக் குற்றம். உடனடி ஆபத்து இருப்பதாக இன்ஸ்பெக்டர் கண்டால் அந்தப் பகுதியிலிருந்து ஆட்களை வெளியேற்ற அங்கேயே அப்போதே உத்தரவு போடலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. சுரங்கக் கம்பெனிகள் அபராதத்தைவிட இந்த உத்தரவுக்குத்தான் பயப்படும் என்பது என் எண்ணம். அபராதத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடலாம், நின்றுபோன ஷிஃப்டைச் சேர்க்க முடியாது. அப்பர் பிக் பிராஞ்ச் விஷயத்தில் காவலாளிகளின் தலைவரும் கம்பெனியின் தலைமை அதிகாரியும் சிறைக்குப் போனார்கள். தலைமை அதிகாரிக்குக் கிடைத்தது 1 வருஷம், விதிகளை மீறச் சதி செய்ததற்கு. 29 உயிருக்கு 1 வருஷமா என்று கேட்டால், அந்தச் சட்டத்தில் அப்போது அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சமே அதுதான்.

சட்டம் பிறகு திருத்தப்பட்ட உதாரணமும் இருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1992-ல் வெஸ்ட்ரே சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தார்கள், யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அந்தக் கோபம் அடங்காமல் 12 வருஷம் கழித்து, 2004-ல், கம்பெனியையே குற்றவாளியாக்க வழிசெய்யும் திருத்தம் குற்றவியல் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தது.

இதுவரை சொன்னவர்கள் எல்லாரும் அதிகாரிகள். தொழிலாளி? அவருக்கும் நிறுத்தும் உரிமை உண்டா? காகிதத்தில் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1995-ல் சுரங்கப் பாதுகாப்புக்கென்றே 176-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதில் தொழிலாளிக்கு என்ன உரிமை என்று எழுதியிருக்கிறது: வேலையிடத்தின் ஆபத்துகளைத் தெரிந்துகொள்ளலாம், விபத்தையும் ஆபத்தையும் புகார் செய்யலாம், சோதனை நடத்தச் சொல்லிக் கேட்கலாம், தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியைச் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம், உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அந்த இடத்தைவிட்டு விலகலாம். துருக்கியின் சோமா சுரங்கத்தில் 2014 மே மாதம் 301 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், 2015-ல், துருக்கி இதை ஏற்றது.

'நியாயமான காரணம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைசியில் ஆபத்து எதுவும் இல்லை என்று தெரியவந்தாலும், அந்த நேரத்தில் அவருக்கு நியாயமான காரணம் இருந்தது என்றால் அவரைத் தண்டிக்கக் கூடாது. விலகிப்போனதால் சம்பளம் பிடித்தார்கள், ஷிஃப்ட் மாற்றினார்கள் என்றால் அதற்கு எதிராகவும் பாதுகாப்பு உண்டு. நடைமுறையில் இந்த உரிமை சங்கம் பலமாக இருக்கும் இடத்தில்தான் வேலை செய்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த தினக்கூலி ஆள் 'நான் போக மாட்டேன்' என்றால் அவரைத் தண்டிக்கத் தேவையே இல்லை, நாளைக்குக் கூப்பிடாமல் விட்டால் போதும். அதனால்தான் நல்ல சட்டங்கள் 'யார் சம்பளம் கொடுக்கிறார்' என்று பார்ப்பதில்லை, 'யாருடைய சுரங்கம்' என்று பார்க்கின்றன. ஒப்பந்த ஆளுக்கும் சேர்த்துச் சுரங்கத்தை நடத்துகிறவர்தான் பொறுப்பு.

இனி வரைபடம். இதைப் பேச ஆளே இல்லை, எனக்கோ இதுதான் பிடித்த பகுதி. 1975 டிசம்பர் 27 அன்று இந்தியாவில் தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்துக்குள், கைவிடப்பட்ட பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் தடுப்பை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 375 பேர் இறந்தார்கள். 2002-ல் அமெரிக்காவின் க்வீக்ரீக் சுரங்கத்திலும் பக்கத்துப் பழைய சுரங்கத்தின் தண்ணீர்தான். அங்கே சிக்கிய 9 பேரை மூன்று நாளுக்கு மேல் போராடி உயிரோடு மீட்டார்கள். வேலை செய்தவர்களிடம் இருந்தது பக்கத்துச் சுரங்கத்தின் கடைசி வரைபடம் இல்லை, உண்மையில் அது படத்தில் இருந்ததைவிட அதிக தூரம் தோண்டப்பட்டிருந்தது. ஆகவே, ஒரு சுரங்கத்தை மூடும்போது கடைசி நாள் வரை எங்கெங்கே வெட்டினோம் என்ற வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும், பழைய வெட்டுகளை நெருங்கினால் இத்தனை மீட்டருக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், முன்னால் துளைபோட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதும் விதி. அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கும் ஒரு தாள், 40 வருஷம் கழித்து யாரோ ஒருவருடைய உயிர்.

விதி என்றால் இப்படி மீட்டர் கணக்காகத்தான் இருக்க வேண்டுமா? இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, எல்லாவற்றையும் எண்ணாக எழுது என்கிறது. இன்னொரு கட்சி, ஒவ்வொரு சுரங்கமும் வேறு, ஆகவே 'உன் சுரங்கத்தின் ஆபத்துகளை நீயே கண்டுபிடி, இயன்றவரை நீக்கு, எப்படி நீக்கினாய் என்று காட்டு' என்று பொறுப்பை நடத்துகிறவர் மேல் வை என்கிறது. 1974-க்குப் பிறகு பிரிட்டன் இந்த இரண்டாவது பக்கம் சாய்ந்தது, ஆஸ்திரேலியாவும் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது.

'இயன்றவரை' என்றால் எவ்வளவு? 1949-ல் இங்கிலாந்தில், சுரங்கப் பாதையின் பக்கச்சுவர் சரிந்து இறந்த ஒருவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன விளக்கம்தான் இன்றும் அடிப்படை: ஒரு தட்டில் ஆபத்து, மறு தட்டில் அதைத் தடுக்க ஆகும் பணம், நேரம், சிரமம். ஆபத்தோடு ஒப்பிட்டால் செலவு மிக மிக அதிகம் என்று காட்ட முடிந்தால் மட்டும் விடலாம், காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. என்னைக் கேட்டால் இரண்டு கட்சியும் வேண்டும். மீத்தேனுக்கு எண் வேண்டும். ஆனால் 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த அணை உடைந்து 270 பேர் இறந்தார்களே, அங்கே கம்பெனியின் கேன்டீனே அணைக்கு நேர் கீழே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சேறு வந்தது. கேன்டீனை எங்கே கட்டக் கூடாது என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனித்தனியாக எந்தச் சட்டமும் எழுதி வைக்க முடியாது. அங்கே யாராவது உட்கார்ந்து 'இது உடைந்தால் யார் மேல் விழும்' என்று யோசித்தே ஆக வேண்டும். அந்த யோசனையைக் கட்டாயமாக்குவது இரண்டாவது வகைச் சட்டம்.

கடைசியாக, ஆரம்பத்தில் ஒதுக்கிய ஹெல்மெட், முகமூடி வகையறா. 176-ஆம் உடன்படிக்கை வரிசையைத் தெளிவாகவே சொல்கிறது: முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் அது பிறக்கும் இடத்திலேயே கட்டுப்படுத்து, அதுவும் போதாவிட்டால் வேலைமுறையை மாற்றிக் குறை, அதற்கு அப்புறமும் மிச்சம் இருந்தால் மட்டும் முகமூடி கொடு. இந்த வரிசை தலைகீழாகிப் போவது அதிகமும் தூசி விஷயத்தில்தான். வெடிப்பு ஒரு நொடியில் கொல்கிறது, தூசிக்கு 20 வருஷம் வேண்டும். நிலக்கரித் தூசியும் பாறையின் சிலிக்கா தூளும் நுரையீரலில் தங்கி மூச்சைக் குறைத்துக்கொண்டே வரும், மருந்தால் பழையபடி ஆக்க முடியாது. அமெரிக்காவில் 1969 சட்டம்தான் நிலக்கரித் தூசிக்கு முதலில் வரம்பு வைத்தது, இப்போது அது ஒரு கன மீட்டர் காற்றில் 1.5 மில்லிகிராம்.

முன்பெல்லாம் தூசியை ஒரு வடிதாளில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வருவதற்குள் அந்த ஷிஃப்ட் எப்போதோ முடிந்திருக்கும். 2016-லிருந்து அங்கே அதிகத் தூசியில் வேலை செய்கிறவரின் இடுப்பில் ஒரு கருவி இருக்கிறது. சட்டையில் குத்திய ஒரு குழாய் அவர் மூச்சுவிடும் இடத்துக் காற்றை இழுக்கும், கருவியின் சிறு திரை இதுவரை எவ்வளவு தூசி என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் பாதியில் அவர் குனிந்து பார்க்கிறார், எண் வேகமாக ஏறுகிறது. தண்ணீர்த் தெளிப்பான் அடைத்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம், எந்திரத்துக்கு இந்தப் பக்கம் காற்று வரும் திசையில் வந்து நிற்கலாம், மேஸ்திரியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டலாம்.